அதற்கு முன்னே எந்த ஊர்

போகும்போது வெறும் சாக்கு. வரும்போது உளுந்து.
இரண்டு வழிக்கும் என் இடது தோள்.
பெகுவிலிருந்து ராத்திரி முழுக்கக் குலுக்கி
கோ தெயின் ஸோ லாரியை நிறுத்தியபோது
மாண்டலேயில் இன்னும் விடியவில்லை.
"மண்டி திறக்க மூணு மணி நேரம் இருக்கு.
மகாமுனியில அந்தப் பொம்மையைத் தடவிட்டு வா, அக்கா.
ஊசிக்குக் கொட்டின காசெல்லாம் போதும்."
சொல்லிவிட்டு மொஹிங்கா தேடிப் போனான்.

உள்ளே புத்தருக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
பொன் இலை ஒட்ட ஆண்கள் வரிசை.
பெண்கள் கோட்டுக்கு இப்பால், பாயில்.
கோட்டைப் பார்த்தேன். கும்பிட்டேன்.
முற்றத்து மூலையில்தான்
கோடு போடாத அந்தக் கொட்டகை.

ஆறு வெண்கலம்.
மூன்று சிங்கம், மூன்று தலையோடு ஒரு யானை,
நிற்கிற ஆட்கள் இருவர்.
கெமர் ராஜ்யத்தில் வார்த்தவை என்று
பலகையில் பர்மிய எழுத்து வட்டம் வட்டமாய்ச் சொன்னது:
அங்கோரிலிருந்து சயாம்காரன் தூக்கினான்,
சயாமிலிருந்து பெகு ராஜா,
பெகுவிலிருந்து அரக்கான்காரன்,
அரக்கானிலிருந்து இங்கே.
ஒவ்வோர் ஊரும் எரிந்த மறுநாள்
வண்டியிலோ படகிலோ மல்லாந்து படுத்து
வானத்தைப் பார்த்தபடி கிளம்பியிருக்கிறார்கள்.
கூட வந்தவர்கள் பீரங்கியாய் உருகிப்போனார்களாம்.

சிங்கங்களின் தலை பழையதல்ல.
உடம்பு அங்கே வார்த்தது, முகம் இங்கே வைத்தது.
வீட்டில் அலர்மேலு, அட்டையில் டோ தின் தின் யி.
எனக்கா புரியாது?

பெகுவில் முப்பது வருஷம்!
அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.
காம்போஜத்து விருந்தாளி என்று பார்க்க வந்தால்
எங்கள் ஊர்க்காரர் நிற்கிறார்.
எந்தப் பக்கம் இருந்தீர்கள், ஆற்றோரமா?
ஆடி மாதத்துத் தண்ணீர் அப்போதும் வாசலேறுமா?
ஒருவர் நெற்றியில் கண் மாதிரி ஏதோ இருந்தது.
சிவன் என்றால் சிவன்.
நான் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.
விசாரிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியும்.

வலிக்கிற இடத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.
வயிற்று நோய்க்காரர்கள் விரல் விட்டு விட்டு
தொப்புளை ஓட்டையாக்கிவிட்டார்கள்.
முழங்கால் கண்ணாடியாய் மின்னியது.
தோள்தான் உயரம்.
தோள்வலிக்காரிக்குத் தோள் எட்டவில்லை.
ஒரு பையன் முக்காலி கொண்டுவந்தான், இருநூறு கியாட்.
ஏறி நின்று உள்ளங்கையால் தேய்த்தேன்.
விடிகாலைக் குழாய்த் தண்ணீரின் குளிர்.
எத்தனை பேர் பாரமோ,
அந்த இடத்தில் மட்டும் பாசிப் பச்சை இல்லை.

மண்டியில் விலை ஏறியிருந்தது.
பேசி, கோபித்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து வாங்கினேன்.
சென்னைக்குக் கப்பலேறப்போகிற உளுந்து.
நான் ஏறியதில்லை.
நோட்டில் கணக்கு எழுதும்போதெல்லாம்
கையில் பழைய சாவிக்கொத்து வாசனை,
சோப்புக்கும் போகவில்லை.

மெய்க்திலா தாண்டி சோதனைச் சாவடி.
சன்னலில் டார்ச். என் பச்சை அட்டை.
"எந்த ஊர்?"
"பெகு."
அட்டையைப் பார்த்தான், மூக்குத்தியைப் பார்த்தான்.
"அதற்கு முன்னே?"

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
அரக்கான், பெகு, அயுத்தியா, அங்கோர்,
அதற்கு முன்னே செம்பு, தகரம், நெருப்பு.
"பெகுதான்" என்றேன்.
கோ தெயின் ஸோ ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினான்.
கம்பம் மேலே போனது.

எந்தக் கையால் அட்டையை நீட்டினேன் என்று
தவுங்கூ வந்த பிறகுதான் யோசித்தேன்.
சன்னல் என் இடப்பக்கம்.
அவனிடம் சொல்லவில்லை.
லாரி ஓட்டுகிறவனுக்கு நம்பிக்கை கூடினால்
வேகமெடுப்பான்.